விளங்காத மாதிரி நின்ற மனிதர்

குவோ வென்பின் மொன்றியலுக்கு வந்து செய்யாத வேலை இல்லை. சீனாவில் பௌதிக ஆசிரியராக இருந்தவர், இங்கே சூப் கடையில் கோப்பை கழுவினார். தையல் ஆலையில் சட்டைகளை அயன் பண்ணினார். பார்க் எக்ஸ்டென்ஷனில் டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றை எடுத்து, பாலும் பியரும் சிகரெட்டும் விற்றார். பிறகு ஆட்களுக்குக் கார் ஓட்டப் பழக்கினார். "இந்த மனுசன் இனிப் பிரேதப்பெட்டி வண்டிதான் ஓட்டேல்லை" என்று கடைக்கு வந்த தமிழ்ச் சனம் பகிடி பண்ணியது. அதையும் ஒரு குளிர்காலம் ஓட்டினார். இப்போது அறுபது தாண்டிய பிறகு, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கும் வான் ஓட்டுகிறார்.

இத்தனை வேலையிலும் அவருக்குக் கைகொடுத்த வித்தை ஒன்றுதான்: விளங்காத மாதிரி நிற்பது. கடைக்குப் பரிசோதகர் வந்தாலும், வீட்டுக்காரன் வாடகையைக் கூட்ட வந்தாலும், அப்பாவிச் சிரிப்பொன்றைச் சிரித்துவிட்டு மகள் யிங்கை முன்னால் தள்ளிவிடுவார். சின்னப் பிள்ளையோடு யார் மல்லுக்கு நிற்பார்கள்? பிரெஞ்சு மெல்ல மெல்லப் பிடிபட்ட பிறகும் இந்தக் கெட்டித்தனத்தை அவர் விடவில்லை. விட்டிருக்க வேண்டும்.

யிங்குக்குப் பத்து வயதாக இருந்தபோது அவருடைய மனைவி சூஃபெனுக்கு வயிற்றில் கட்டி வந்தது. இனி மருந்தால் பயனில்லை, சில மாதங்கள்தான் என்று டாக்டர் பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார். வென்பினுக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. ஆனாலும் பழக்கதோஷம், மகளின் முகத்தைப் பார்த்தார்.

யிங் தாயின் பக்கம் திரும்பினாள். "மருந்தை ஒழுங்காக் குடிச்சாக் கோடைக்குள்ள சுகம் வந்திடுமாம், அம்மா."

வென்பின் தலையாட்டினார். டாக்டருக்கு 'மெர்சி' என்று நன்றிகூடச் சொன்னார்.

கோடை வருவதற்குள் சூஃபென் போய்விட்டாள். செத்தவீட்டில் சொந்தக்காரர் கேட்டபோது, "டொக்டர் சுகம் வரும் எண்டுதானே சொன்னவர்" என்றார் வென்பின். யிங் பக்கத்தில்தான் நின்றாள். முழுப் பொய்யையும் அந்தப் பிஞ்சின் தலையில் கட்டிவிட்டு, தான் நல்ல பிள்ளையாக நின்றதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

போன கிழமை செயின்ட்-மிஷேலில் பிரஷாந்தினியை வானில் ஏற்றினார். அவருடைய கடையில் ஒருகாலத்தில் பால் வாங்கியவள். பக்கத்தில், பள்ளிக்கூடப் பையோடு மகள் நிருஷா.

"இண்டைக்கு டொக்டர் முடிவு சொல்லுவார் அண்ணை. என்ர பிரெஞ்சு உங்களுக்குத் தெரியும்தானே. அதுதான் பள்ளிக்கூடத்தை மறிச்சு இவளைக் கூட்டிக்கொண்டு போறன்."

வென்பின் பிரேக்கை அழுத்தினார். வானை ஓரம் கட்டினார்.

"பிள்ளை வேண்டாம்" என்றார், கடையில் பொறுக்கிய தமிழில். "நான் வாறன்."

"உங்களுக்கேன் அண்ணை கரைச்சல்?"

"பிள்ளை வேண்டாம்." அதையேதான் திரும்பவும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை, கொஞ்சம் இங்கிலீஷும் கொஞ்சம் தமிழுமாக, கூட்டாமல் குறைக்காமல் பிரஷாந்தினிக்குச் சொன்னார். வருத்தம் முற்றவில்லை, ஆனால் கட்டியை உடனே வெட்டி எடுக்க வேண்டும். அவள் விம்மி விம்மி அழுதாள். வெளியே கதிரையில் நிருஷா கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் வென்பினுக்கு யிங் நினைவுக்கு வந்தாள். தன் பிள்ளைக்கு இவ்வளவுகூடச் செய்யவில்லையே.

அன்று பின்னேரமே யிங் இருக்கும் இல்-பிசாருக்கு வானை விட்டார். அவள் இப்போது முப்பது வயதுக்காரி, சொந்த வீடு. குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, தங்கள் மொழியில் சொன்னார்:

"அண்டைக்கு டொக்டர் சொன்னது எனக்கும் விளங்கினது, பிள்ளை."

யிங் கீரையைக் கீழே வைத்தாள். "தெரியும்."

"தெரியுமா?"

"டொக்டர் சொல்லேக்க உங்கட முகம் வெளிறினதைக் கண்டனான். அப்பாவுக்கும் விளங்கீட்டுது, வீட்ட போனதும் என்னோட கதைப்பார் எண்டு நினைச்சன்." அவள் குரல் உயரவில்லை. "நீங்கள் கடை திறக்கப் போயிட்டீங்கள். நான் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சினன்."