ஏழு அங்குலம்

பள்ளிக்கூடங்கள் நாற்பது நாள் விடுமுறை விட்டதும் மற்ற வீடுகளில் பெட்டி கட்டுவார்கள். கேட்டுக்காரர் வீட்டில் தாழ்ப்பாள்களைச் சரிபார்ப்பார்கள். வாசல் கதவின் மேல்தாழ்ப்பாள், அதற்குக் கீழே சங்கிலி, சங்கிலிக்கு ஒரு பூட்டு, சமையலறை ஜன்னலின் கம்பி வலை என்று ஒவ்வொன்றையும் இழுத்து, ஆட்டி, தட்டிப் பார்த்த பிறகுதான் அவர் பட்டறைக்குக் கிளம்புவார். இரும்பு கேட்டும் கிராதியும் செய்வது அவருக்கு இருபது வருஷத் தொழில். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் நினைவில்லை. மின்கட்டணச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

மகளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. வீட்டில் அவளைப் பொறி என்று கூப்பிடுவார்கள். வெல்டிங் பொறி எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் அப்பா ஆசையாக வைத்த பெயர். வளர வளரத்தான் தெரிந்தது, இந்தப் பொறி தெறிப்பது ஒரே திசையில்: தண்ணீர். குளமோ, தொட்டியோ, சாலையோரத்துச் சாக்கடையோ, எங்கே தண்ணீர் மினுங்கினாலும் கையை உதறிக்கொண்டு ஓடுவாள். பயம் என்கிற ஒன்று அவளிடம் இல்லவே இல்லை.

பள்ளி நடக்கிற மாதங்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை அவளை ஆசிரியைகள் பார்த்துக்கொள்வார்கள். அங்கே உயரமான சுவர் இருக்கிறது. விடுமுறை விட்டால் நாற்பது நாளும் இருபத்து நான்கு மணி நேரமும் அம்மாவின் கைதான் சுவர். துப்பட்டாவின் ஒரு நுனி தன் மணிக்கட்டில், மறுநுனி மகளின் மணிக்கட்டில். அப்படியே சமைப்பாள், துவைப்பாள், குளியலறைக்கும் போவாள். மகள் இழுக்கிற இழுப்பில் அம்மாவின் வலது மணிக்கட்டு கன்றிப்போய்க் கறுத்திருந்தது.

விடுமுறையின் பன்னிரண்டாவது நாள் கேட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள், சாதாரணமாக, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்:

"ஏங்க, சில நேரம் கையை விட்டுட்டா என்னன்னு தோணுது."

அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "எங்க விடறது?"

"எங்கயோ. ரோட்டுல. வாய்க்கால்கிட்ட. விட்டுட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்துடணும்னு. அவ்வளவுதான்." பிறகு அவளே, "பயப்படாதீங்க, செய்ய மாட்டேன்" என்றாள். அந்த வாக்கியம்தான் அவரை இன்னும் பயமுறுத்தியது. செய்ய மாட்டேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய இடத்துக்கு அவள் வந்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம்.

மறுநாளே அவர் ஊர் ஊராக விடுதிகளுக்குப் போன் போட ஆரம்பித்தார். மூன்றே மூன்று நாள். எங்கேயாவது நல்ல வேலி போட்ட புல்தரை, அதன் நடுவே ஒரு நாற்காலி, நாற்காலியில் கை இரண்டும் மடியில் கிடக்க மனைவி. அவருக்கு அது போதும்.

"ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் தரையிலேர்ந்து எவ்வளவு உயரம் சார்?"

"என்னது?"

"தாழ்ப்பாள். அஞ்சடிக்கு மேல இருக்கா?"

"நீங்க தங்க வர்றீங்களா, திருட வர்றீங்களா?"

இரண்டாவது விடுதிக்காரர் ரொம்ப உற்சாகமான ஆள். "கடல் பத்தே தப்படி சார்! வேலி கீலி ஒண்ணும் கிடையாது. ஓப்பன் வியூ!" மூன்றாவது விடுதியில் ஒரு பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அந்த மாதிரிக் குழந்தைங்களை நாங்க எடுக்கறதில்ல சார். மத்த கெஸ்ட்டுக்குச் சிரமம்" என்றாள்.

"நாய் கூட்டிட்டு வரலாமாம்மா?"

"சின்ன நாய்னா வரலாம் சார்."

அவர் போனைக் கீழே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் பக்கத்து ஊர்ப் பூங்காக்களைப் பார்க்கப் போனார். ஒன்றில் டேப்பை நீட்டிக் கிராதியை அளந்துகொண்டிருந்தவரைக் காவலாளி சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். "தனி ஆளா வந்து குழந்தைங்க விளையாடற இடத்தை அளக்கறியே, என்னய்யா உத்தேசம்?" கேட்டதில் தப்பில்லை என்றுதான் அவருக்கும் பட்டது. குழந்தைகள் விளையாடுகிற இடத்தை யாருமே அளந்து பார்க்காத ஊரில் அளக்கிறவன்மேல் சந்தேகம் வரத்தானே செய்யும்.

அக்கம்பக்கத்தார் விதி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். விதி என்று சொல்லிவிட்டால் யாரும் எழுந்து எதையும் செய்ய வேண்டியதில்லை, அதில்தான் எத்தனை சௌகரியம்! விதிக்கு அங்குலக் கணக்கு கிடையாது. கம்பிக்கு உண்டு. அந்தக் கணக்கு அவருக்கு நன்றாகவே தெரியும். மூன்று தெரு தள்ளியிருக்கிற பூங்காவின் கணக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அந்தப் பூங்காவுக்கு மூன்று பக்கம் ஆளுயரச் சுவர். நான்காவது பக்கம் இரும்பு வேலி, அறுபதடி நீளம். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு தப்படியில் வாய்க்கால், ஆள் மூழ்குகிற ஆழம். போன வருஷ விடுமுறையில் மனைவி குனிந்து செருப்பு வாரை மாட்டிய நேரத்தில் மகள் இரண்டு கம்பிக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து வெளியே போய்விட்டாள். அம்மா சுற்றிக்கொண்டு ஓடித் தலைமுடியைப் பிடித்து இழுத்தபோது மகளின் இரண்டு கால்களும் தண்ணீருக்குள் இருந்தன. அன்றிலிருந்துதான் துப்பட்டா.

அன்று மாலை அவர் டேப்போடு போய் அளந்தார். அளக்காமலே விடை தெரிந்த கணக்கு அது. ஏழு அங்குலம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வேலியைப் போட்டது அவரேதான். வரைபடத்தில் நாலு அங்குலம் என்றிருந்தது. காண்ட்ராக்டர் பல் குத்திக்கொண்டே, "ஏழு வையப்பா, எவன் டேப்போட வரப் போறான்?" என்றார். வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று அவரும் சிரித்துவைத்தார். மகள் அப்போது தொட்டிலில் கிடந்தாள்.

இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. நகராட்சிக்கு மூன்று மனு மட்டும் எழுதினார், வேலியின் இடைவெளி அதிகம் என்று. யார் வைத்த இடைவெளி என்பதை அதிலும் எழுதவில்லை. முதல் இரண்டு மனுக்களுக்குப் பதில் வரவில்லை. மூன்றாவதற்கு வந்தது: மேற்படி குழந்தையைப் பெற்றோர் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனைவி அந்த வார்த்தையைச் சொன்ன பத்தாம் நாள், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, நூற்று இரண்டு கம்பிகளை அளவாக வெட்டி மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் பூங்கா வாசலில் நின்றார். ஒவ்வொரு இடைவெளிக்கும் நடுவில் ஒரு கம்பி. திங்கட்கிழமை பராமரிப்புக்காக விடுமுறை என்று பலகை சொன்னது. இந்தப் பூங்காவின் காவலாளி கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். அவர் பெயரும் விசில்தான்.

"என்ன கேட்டுக்காரரே, வண்டி நிறைய இரும்பு? உள்ள எதாச்சும் கோட்டை கட்டப் போறீங்களா?"

கேட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். போன வருஷம் அம்மா முடியைப் பிடித்து இழுத்தபோது எழுந்த அலறலைக் கேட்டு ஓடிவந்தவர் விசில். அவர் பம்ப் அறைச் சாவியை எடுத்து நீட்டினார். "பிளக் உள்ள இருக்கு. நான் எதையும் பார்க்கல. ஏன் பார்க்கல, கண்ணுல தூசி." சற்றுத் தூரம் போய்த் திரும்பி, "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் போர்டுல எழுதினது நடக்குது" என்றார்.

நாள் முழுக்க வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு கம்பிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பற்றவைப்பு. ஆறியும் ஆறாமலும் ஒவ்வொன்றின் மேலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார், மகள் தொட்டால் சுடக்கூடாதென்று. மூன்றரை மணிக்கு எண்பத்து நான்கு முடிந்திருந்தது. நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்த மனைவி முன்னதாகவே மகளோடு வந்து, சற்றுத் தள்ளியே நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னாலேயே அதிகாரியும் வந்துவிட்டார். பொறி பறக்கிறதைப் பார்த்து யாரோ ஆபீசுக்குப் போன் செய்திருக்கிறார்கள். வேலியில் ஓட்டை இருந்த ஒன்பது வருஷத்தில் யாருக்கும் வராத பொறுப்புணர்ச்சி.

"யோவ், யாரைக் கேட்டு இதுல கை வச்ச?"

"மூணு தடவை கேட்டேன் சார். மனுவா குடுத்தேன்."

"மனு குடுத்தா? உடனே வெல்டிங் மெஷினைத் தூக்கிட்டு வந்துடுவியா? இது அரசாங்க வேலி. பிளான்படி போட்டு, அளந்து பார்த்து, கையெழுத்தாகி ரெக்கார்டுல இருக்கு. அதுல குறை சொல்ல நீ யாரு?"

அந்த இடத்தில் அவர் பேசாமல் இருந்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டுக் காலில் விழுந்திருக்கலாம். பெற்ற பாசம், தெரியாமல் செய்துவிட்டேன் என்றிருந்தால் அதிகாரியும் நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போயிருப்பார். மனைவி பத்தடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் 'அளந்து பார்த்து' என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை.

"நான்தான் சார் போட்டேன்."

"அதான் தெரியுதே, கையும் மெஷினுமா நிக்கற."

"இது இல்ல சார். பழசு. இந்த மொத்த வேலியும் நான் போட்டது. பிளான்ல நாலு அங்குலம். நான் வச்சது ஏழு. வைக்கச் சொன்னாங்க, வச்சேன். ஒருத்தரும் வந்து அளக்கல. கையெழுத்தை ஆபீஸ்லயே உட்கார்ந்து போட்டாங்க. இப்ப வச்ச கம்பிக்குக் கேஸ் எழுதுறீங்கன்னா, அப்ப வைக்காத கம்பிக்கும் சேர்த்து எழுதுங்க. ரெண்டுலயும் என் பேர் இருக்கட்டும்."

அதிகாரி கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். "அது வேற செக்‌ஷன்" என்றார். போனை எடுத்து நாலைந்து படம் பிடித்தார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஆள் வரும். புதுசா வச்சதை அத்தனையும் அறுத்து எடுப்பாங்க. உன் மேல பொதுச்சொத்து சேதம்னு புகார் போகும்."

"சேதமா சார்?" என்றார் விசில். "குறைச்சாதானே சேதம்? இந்தாளு கூட வச்சிருக்காரு."

"நீ பேசாத. பம்ப் ரூம் கரண்ட்டை யாரு குடுத்ததுன்னு நாளைக்குப் பார்த்துக்கலாம்."

அதிகாரி ஜீப்பில் ஏறினார். ஜீப் புறப்பட்டுப் போனது.

மனைவி மெதுவாக நடந்து வந்தாள். மகள் வாய்க்காலைப் பார்த்துவிட்டுத் துப்பட்டாவை வெட்டிவெட்டி இழுத்தாள். அவர் வெல்டிங் முகக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போட்டுக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். அவ கால் நனைஞ்ச அன்னைக்கே."

"ஒரு வருஷமா."

"ஆமா."

"நான் செருப்பு மாட்டினதாலதான்னு ஒரு வருஷமா என்னை நானே தின்னுக்கிட்டிருந்தேன். நீங்க பக்கத்துலதான் படுத்திருந்தீங்க."

அவள் கையை ஓங்கினாலும் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் அதைச் செய்யவில்லை. வேலியின் கடைசியில் இன்னும் திறந்திருந்த பகுதியைப் பார்த்தாள்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"பதினெட்டு."

"போடுங்க."

"நாளைக்கு அறுத்துருவாங்கம்மா."

"போடுங்கன்னா போடுங்க. உங்ககிட்ட நான் அப்புறம் பேசிக்கறேன்."

ஐந்து மணிக்குக் கடைசிக் கம்பியும் ஏறியது. தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றையும் வெறுங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மனைவி துப்பட்டா முடிச்சை அவிழ்த்தாள்.

மகள் நேராக வாய்க்காலை நோக்கி ஓடினாள். அவளுடைய அம்மாவின் உடம்பு தானாகவே பின்னால் பாயப் போனது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன்னை உட்காரவைத்துக்கொண்டாள். மகள் வேலியில் பக்கவாட்டாகத் தோளை நுழைத்தாள். போகவில்லை. அடுத்த இடைவெளியில் நுழைத்தாள். அதற்கும் அடுத்ததில். ஒன்றுவிடாமல், அறுபதடியும், ஒவ்வொரு இடைவெளியாகத் தோளை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். அந்த வேலியை நேரில் வந்து சோதித்த முதல் அதிகாரி அவள்தான். சுவர் வந்ததும் கோபத்தில் ஒரு கத்தல் கத்தினாள். நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பிப் புல்தரைக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள். முட்டினாள், திரும்பினாள், ஓடினாள்.

மனைவி பெஞ்சிலிருந்து எழவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் ஒருமுறை, பெஞ்சில் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். கேட்டுக்காரர் பெஞ்சின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றாங்களாம்?"

"பத்து."

"காலைல எப்பத் திறப்பாங்க?"

"ஆறு."

"அப்ப நாலு மணி நேரம் இருக்கு" என்றாள்.