அடாப்டரில் மாட்டிய கன்னு

தங்கை மகளுக்குச் சதுரங்கப்பட்டினத்தில் நிச்சயதார்த்தம். தாய்மாமன் சீர்ப் புடவை என்னிடம் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் பெண் சபையில் உட்கார வேண்டும். தாமதம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் ஊரப்பாக்கத்திலிருந்து மனைவியுடன் மிக முன்னதாகவே காரில் கிளம்பினேன்.

வழக்கமாக சார்ஜ் போடும் நிலையம் மூடியிருந்தது. மாமல்லபுரம் தாண்டி, வேறொரு கம்பெனியின் நிலையத்தில் நிறுத்தினேன். அவர்களுடைய ஒயரின் முனை என் காருக்குப் பொருந்தாது. அதற்கென்றே துணிப்பையில் சுற்றி வைத்திருந்த அடாப்டரை இடையில் மாட்டினேன். சார்ஜ் ஏறியது. போதுமான அளவு ஏறியதும் கழற்றப் பார்த்தால் வரவில்லை. அடாப்டர் காரை விடவில்லை, ஒயர் முனை அடாப்டரை விடவில்லை.

அந்த முனைக்குப் பெயர் கன். எங்கள் பேச்சில் அது கன்னு ஆகிவிடும். தங்கை கணவருக்கு போன் செய்தேன்.

"மச்சான், கன்னு மாட்டிகிச்சு. இழுத்தா வரமாட்டேங்குது."

"அடப்பாவமே. கத்துதா?"

"பீப் பீப்னு கத்திகினேதான் கீது."

"தாய் எங்க?"

என் அம்மாவைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "ஊரப்பாக்கத்துலயே விட்டுட்டு வந்துட்டோம். மூட்டு வலி."

"அவ்ளோ தூரத்துலயா? இங்க புள்ள வூட்டுக்காரங்க முறைச்சிகினு கீறாங்க. நல்ல நேரம் முடியப்போவுது. இரு, ஆளு அனுப்பறேன்."

குட்டியானை என்று சொல்லும் சின்ன லாரி ஒன்று வந்து நின்றது. பின்னால் வைக்கோல், தாம்புக் கயிறு, ஒரு வாளி தண்ணீர். மச்சான் தெருக்காரர்கள் இருவர் இறங்கினார்கள்.

"கன்னு எங்க அண்ணாத்த?"

காரைக் காட்டினேன். ஒருவர் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். என் மனைவிக்கு முதலில் புரிந்துவிட்டது. நடைபாதையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"இது ஒயரு அண்ணாத்த," என்றார் குனிந்தவர். "இதுக்கா துன்னுகினு இருந்த நாஸ்தாவ வுட்டுட்டு வந்தோம்?"

விளக்க நேரமில்லை. காரை அப்படியே விட்டுவிட்டுப் புடவையுடன் குட்டியானையில் ஏறினோம். மனைவி முன்சீட்டில், நான் வைக்கோல்மேல்.

பந்தலில் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. வழியில் ஒரு உயிரைக் காப்பாற்ற நான் நின்றுவிட்டதாக மச்சான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கிளம்புவதற்குச் செருப்பை மாட்டியிருந்த மாப்பிள்ளையின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கன்னு எப்படி கீது?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவியிடம் விஷயத்தைக் கேட்டுவிட்ட தங்கை என் முதுகில் கிள்ளினாள். பொய் சொல்ல எனக்கு வராது.

"நல்லா கீதுங்க. இன்னும் குடிச்சிகினேதான் கீது. வாயை எடுக்க மாட்டேங்குது."

"வாயில்லா ஜீவன்," என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பிடி மனுசங்க வூட்ல பொண்ணெடுக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும். நேரமாவுது, பொண்ணு புடவை மாத்திகினு வரட்டும்."

தங்கை புடவையை வாங்கி, அதில் ஒட்டியிருந்த வைக்கோலை உதறிவிட்டு உள்ளே ஓடினாள்.