பெரிய வெள்ளியில் பாடிய வானொலி

சென்ட் லோரன்டில் நான் வாங்கிய வீட்டின் நிலக்கீழ் அறையில் குழாய் இழுத்து, சுவர் எழுப்பி, சமைக்கக் குசினி வைத்தவன் நான். பிரெஞ்சு ஒரு சொல் தெரியாமல் பொதி கட்டும் தொழிற்சாலைக்குள் போய், இயந்திரங்களுக்கே பொறுப்பாளனாக வெளியே வந்தவன் நான். கோயில் மண்டபத்தின் மேடையும் அதற்கு ஏறும் படிகளும் என் கையால் ஆனவை. எட்டாம் வகுப்பை முடிக்காதவன் இதையெல்லாம் செய்தான் என்று நம்பாதவர்கள் வந்து ஏறிப் பார்க்கலாம். ஒரு பலகைகூட ஆடாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் கத்தோலிக்கப் பங்கின் இணைய வானொலியை லினக்ஸ் சேர்வரில் கட்டி எழுப்பியவனும் நான்தான். மற்றவற்றை யார் செய்தது என்று சனத்துக்குத் தெரியும். இந்தக் கடைசி ஒன்றில்தான் என் பெயர் காணாமல் போய்விட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நகரின் ஓரத் தீவான இல்-பிசாரில் மகனோடு இருக்கும் என் நண்பன், இடுப்பு உடைந்த நாளிலிருந்து பூசைக்கு வருவதில்லை. அந்தப் பக்கம் பஸ் வருவதே அருமை. மகனுக்கு ஞாயிறும் வேலை. "தமிழ்ப் பூசை கேட்டு எவ்வளவு காலம் மச்சான்" என்று டெலிபோனில் சொன்னான். அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் எழுந்து, வீட்டோடு கிடக்கிறவர்களுக்காக ஒரு வானொலி போடுவோம் என்றேன். செயலாளர் சிரித்தார்.

"அண்ணை, அதுக்குச் சேர்வர் வேணும். அது படிச்ச ஆக்களின்ர வேலை."

"சேர்வர் எண்டால் என்ன, மரத்தில காய்க்கிறதே? அதுவும் ஒரு கொம்பியூட்டர்தானே. நான் வைக்கிறன்."

உடனே வானொலிக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். அது கூடியபோது தின்ன வைத்த ரோல்ஸ் சூடாக இருக்கிறதா என்றுதான் அதிகம் கதைத்தது. நான் கணினியைத் தேடிப் போனேன்.

தொழிற்சாலை கழித்துவிட்ட பெட்டி ஒன்று கிடைத்தது. பழைய பெட்டிக்கு லினக்ஸ்தான் சரி என்று தமிழ் வீடியோ ஒன்றில் ஒரு சென்னைத் தம்பி சொன்னார். நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஏற்றினேன். விசைப்பலகை பிரெஞ்சு, நான் தெரிவுசெய்த மொழி ஆங்கிலம். கட்டளைக்குச் சாய்ந்த கோடு போடவேண்டும் என்றால் தலையில் கோடிட்ட பிரெஞ்சு 'é'யைத் தட்டவேண்டும். இதைக் கண்டுபிடிக்கும்வரை அந்தக் கறுப்புத் திரை என் கட்டளை ஒன்றையும் ஏற்கவில்லை. என் மனைவி மாடிப்படியில் நின்று கேட்பாள்:

"என்னப்பா, அதோட சண்டையே?"

"நான் சண்டை பிடிக்கேல்ல. அதுதான் பிடிக்குது."

"அப்ப அது வெல்லட்டும், நீங்கள் சாப்பிட வாங்கோ."

வெல்ல விடவில்லை. வெளியே இருப்பவர்கள் கேட்பதற்கு எங்கள் இணையப் பெட்டியில் ஒரு வாசலைத் திறந்துவிட வேண்டும். அதற்கு இணைய நிறுவனத்துக்கு டெலிபோன் எடுத்தேன். எதற்கு என்று அந்தப் பெண் பிரெஞ்சில் கேட்டாள். "பூர் லா மெஸ், மதாம்" என்றேன், பூசைக்காக என்று. சிரித்துக்கொண்டே வழி சொன்னாள். பிறகு கோயிலிலிருந்து என் வீட்டுச் சேர்வருக்கு ஒலியை வரவைத்து, கோயிலில் நின்றபடி நண்பனை அழைத்தேன்.

"கேக்குதே?"

"ஓம், ஆரோ மூச்சு வாங்கிறான்."

"அது நான்தான்ரா, மைக்குக்குக் கிட்ட நிக்கிறன்."

"அப்ப தள்ளி நில். சாமியார் கதைக்கட்டும்."

இப்படித்தான் எங்கள் வானொலி தொடங்கியது.

மைக்கின் வயர் கழன்றால் கேட்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. வானொலி செத்துவிட்டது என்று மூடிவிடுவார்கள். ஆகவே, சத்தம் நின்றால் உடனே ஒரு பாட்டைப் போடு என்று சேர்வருக்குக் கட்டளை எழுதி வைத்தேன். கையில் இருந்தது போன வருட உயிர்ப்புப் பெருவிழாவில் எங்கள் பாடகர் குழு மேளத்தோடு பாடிய அல்லேலூயா. நல்ல பாட்டு. அதையே வைத்தேன்.

பெரிய வெள்ளி வந்தது. பாடுகளின் வாசகத்தில் ஆண்டவர் உயிர்விடும் இடம் வந்ததும் எல்லோரும் முழந்தாளிட்டோம். எங்கள் சாமியார் அந்த மௌனத்தை லேசில் முடிக்கமாட்டார். கோயில் முழுவதும் அசையாமல் இருந்தது. அப்போது கடைசி வாங்கு வரிசையிலிருந்து மேளம் கேட்டது. அங்கே காது மந்தமான ஒரு அம்மா, நன்றாகக் கேட்கட்டும் என்று எங்கள் வானொலியைக் கைத்தொலைபேசியில் போட்டிருந்தார். காதில் செருகியிருந்த வயர் தொலைபேசியிலிருந்து கழன்றுவிட்டது. அல்லேலூயா கூரை வரை போனது. அல்லேலூயாவைத் தவக்காலம் முழுவதும் வாயில் எடுக்காத சனம் நாங்கள்.

செயலாளர் எழுந்து, என் பெயரைச் சொல்லி, "இது அவற்ர ரேடியோ!" என்றார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

வெளியே வந்ததும் நண்பன் அழைத்தான். "மச்சான், இந்த முறை ஆண்டவர் வெள்ளிக்கிழமையே உயிர்த்திட்டாரே? கெதிதான்."

செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணை, நாளைக்குப் பாஸ்காப் பூசை. ரேடியோவை நிப்பாட்டுங்கோ. பேந்து யோசிப்பம்."

"நிப்பாட்டினால் படுத்துக் கிடக்கிற சனம் எங்க போய்ப் பூசை கேக்கிறது? நாளைக்கும் போகும்."

சாமியார் இருவரையும் பார்த்தார். "ஐயா, நாளைக்கு ஒரு பிழையும் வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

கட்டளையில் பிழை இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். துக்கத்துக்கும் கழன்ற வயருக்கும் இயந்திரம் வித்தியாசம் அறியாது. அதை அறிய வைப்பது நம் வேலை. கட்டளையை அழித்துவிடலாம். ஆனால் வயர் உண்மையிலேயே கழன்றால்? சனிக்கிழமை விடிந்ததும் கோயிலுக்குப் போய், வாங்குகளுக்கு மேலே இன்னொரு மைக்கைத் தொங்கவிட்டேன். சாமியார் மௌனமானாலும் சனம் இருமும், பிள்ளை சிணுங்கும், வாங்கு முனகும். அந்தச் சிறு சத்தம் போதும், சேர்வர் பாட்டுக்குத் தாவாது. மனைவியை வாங்கில் இருத்தி, சும்மா இருக்கச் சொல்லிச் சோதித்தேன். அவளுடைய பெருமூச்சு இல்-பிசார் வரை போனது.

உயிர்ப்பைக் கொண்டாடும் அந்த இரவுப் பாஸ்காப் பூசையில் மெழுகுதிரியோடு இருட்டில் நின்ற நேரம் முழுவதும் ஒரு பாட்டும் தவறிப் பாயவில்லை. அல்லேலூயா பாடவேண்டிய இடத்தில் பாடகர் குழுவே பாடியது. நண்பன் சொன்னான்: "முந்தி உன்ர ரேடியோவில சாமியார் மட்டும்தான் இருந்தார். இப்ப சனமும் இருக்குது. நானும் வாங்கில இருக்கிற மாதிரிக் கிடக்கு."

ஆறாம் மாதம் பங்குத் திருவிழா. செயலாளர் மேடையில் ஏறி, "எங்கள் வானொலிக் குழுவின் அயராத முயற்சியால்" என்று தொடங்கினார். சனம் கைதட்டியது. குழு எழுந்து கும்பிட்டது. என் பெயர் வரவே இல்லை. வானொலியின் இணையப் பக்கத்திலும் குழுவின் பெயர்தான் போட்டிருக்கிறது.

பிழை வந்த அன்று அது என் வானொலி. சரி வந்த பிறகு குழுவின் வானொலி. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. மைக் என் பொறுப்பில் இருக்கிறது; நானே என்னைப் புகழ்ந்து சொல்லலாம். சொல்லமாட்டேன். அது செயலாளரின் வாயால் வரவேண்டும். செயலாளரே, வானொலிப் பக்கத்தில் என் பெயரை எழுதுங்கள். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், சனம் எழும்புவதற்கு முன்பு, இந்த வானொலியைக் கட்டியவர் இவர்தான் என்று பெயர் சொல்லி அறிவியுங்கள். பெரிய வெள்ளியன்று என் பெயரைச் சொன்ன அதே சத்தத்தில் சொல்லுங்கள்.