வைக்கோலில் வைத்து அனுப்பிய குரல்

என் கணவர் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவர் போட்டோ இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, மூக்குக் கண்ணாடிகூட இருக்கிறது. குரல் மட்டும் இல்லை. சித்தப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோவில் அவர் வாய் அசைகிறது, கேட்பதெல்லாம் நாதஸ்வரம். வீடியோ எடுத்த மகராசன் முழுக்கப் பாட்டை ஏற்றித் தொலைத்திருக்கிறான். போன வருடம் ஒருநாள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. ஈரக்கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஓர் இடத்தில் அந்தக் குரல் இருந்தது. காரைக்குடியில் எங்கள் வீட்டு மர அலமாரியில், ஒரு பழைய கம்ப்யூட்டரோடு கிடந்த கேசட்டுகளில்.

அந்தக் கம்ப்யூட்டரை அவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியபோது மடியில் வைத்தே கொண்டுவந்தார். மற்றவர்களின் வீட்டுக்காரர்கள் சேலையும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள்; எனக்கு வாய்த்தவர் ஒரு விசைப்பலகையோடு வந்து இறங்கினார். அந்தப் பலகைக்குள்தான் முழுக் கம்ப்யூட்டரும் இருந்தது. டிவியில் செருகினால் படம் தெரியும். எழுதிய புரோகிராமைச் சேமிக்க டேப் ரிக்கார்டர். பாட்டுக் கேசட்டிலேயே பதிவாகும். போட்டுக் கேட்டால் கீச்சென்று காதைக் கிழிக்கும்.

எந்தக் கேசட்டில் எது இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு முறையும் வயரைப் பிடுங்கிவிட்டு, டேப் ரிக்கார்டர் மைக்கில் வாய்வைத்து "எழுத்து மூணு", "எழுத்து நாலு" என்று சொல்லுவார். பிறகு வயரைச் செருகிக் கீச்சொலியைப் பதிவு செய்வார். அவ்வளவுதான் அவர் விட்டுப்போன பேச்சு.

எழுத்து என்றால் தமிழ் எழுத்து. இங்கிலீஷ் மட்டுமே தெரிந்த அந்த இயந்திரத்தில் தமிழைக் கொண்டுவருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்ட தாளில், எந்தப் புள்ளி எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று பென்சிலால் கறுப்படித்துக்கொண்டிருப்பார். 'ட' ஒரே நாளில் வந்துவிட்டது. 'ப' வந்தது. 'ண' மட்டும் எட்டுக் கட்டத்துக்குள் அடங்கவே மாட்டேன் என்றது. நான் பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் இங்கிலீஷ் கற்றுக்கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடித்து வீடு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் கூப்பிடுவார்.

"இங்குட்டு வா. இது ணவாத் தெரியுதா?"

"கொசுவத்தியாத் தெரியுது."

முகம் சுண்டிப்போகும். மறுபடியும் தாளை எடுப்பார். அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது நினைத்தால், ஒரு தடவையாவது "ஆமாம், ணதான்" என்று சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படி.

மொத்தம் ஏழு கேசட். குரல் மறந்துபோன அந்த வாரமே முதல் கேசட்டைப் பக்கத்து வீட்டு டேப் ரிக்கார்டரில் போட்டேன். அது நாடாவை மென்று துப்பிவிட்டது. பழுது பார்க்கிறவர் மிச்சம் ஆறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள பூஞ்சணம் பிடிச்சிருக்கு ஆச்சி. எதுலயும் போட்டுடாதீக, அம்புட்டும் போயிரும்" என்றார். சுத்தம் செய்யத் தெரிந்தவர் யார் என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

இந்தப் பழசைக் கையாளத் தெரிந்த ஒருவர் வாங்க வருவார் என்றுதான் கம்ப்யூட்டரையும் கேசட்டுகளையும் விற்பனைக்குப் போட்டேன். பழைய கம்ப்யூட்டர் சேகரிக்கிறவர்கள் கூடும் இணையதளம் ஒன்றில் படம் போட்டு, கேசட் கதையையும் எழுதினேன். முதலில் வந்தவன் ஒரு புளுகன். சாமானை முதலில் அனுப்பு, என் ஆள் வந்து எல்லாம் முடிப்பான் என்றான். முப்பது வருடம் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளின் சாக்கைக் கேட்டவளிடமா? போய்ட்டு வா ராசா என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது வந்தவர் ஆஸ்திரேலியாக்காரர். ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக். அந்த இயந்திரத்தில் தமிழ் எழுத்தா என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். பூஞ்சணம் பிடித்த நாடாவைச் சுத்தம் செய்வது தனக்குக் கைவந்த வேலை என்றார். விலை பேசினோம். கூடவே நான் ஒரு நிபந்தனை போட்டேன்: புரோகிராம் உங்களுக்கு, குரல் எனக்கு. ஒரு வார்த்தை விடாமல் அனுப்பிவைக்க வேண்டும். சரி என்றார்.

எப்படிக் கட்ட வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். பவர் சப்ளை கனம், அதைத் தனியாகச் சுற்றுங்கள். கேசட்டுகளைக் காந்தம் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பெட்டிக்குள் பெட்டி வையுங்கள், நடுவில் மெத்தென்று ஏதாவது அடையுங்கள். சுங்கத்தாளில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அத்தனையும் செய்தேன். அந்த 'மெத்தென்று ஏதாவது' என்ற இடத்தில்தான் சனி உட்கார்ந்தது.

பழைய சாமான் கடைத்தெருவில் கதவு, தூண், பீங்கான் எல்லாம் வெளிநாட்டுக்குக் கட்டி அனுப்புகிறவரிடம் போனேன். தெர்மகோலை எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த வெள்ளைக் குப்பையெல்லாம் வேண்டாம். வைக்கோல் வைங்க."

"வெளிநாட்டுக்கு வைக்கோல் போடாதீக ஆச்சி. அங்குட்டு ஒத்துக்க மாட்டாக."

"எங்க ஆத்தா கல்யாணச் சீர்ப் பீங்கான் அம்புட்டும் கடல் தாண்டி வைக்கோல்லதான் வந்துச்சு. ஒரு தட்டுல கீறல் இருக்கா? வந்து பாருங்க!"

அது உண்மைதான். மரப்பெட்டியும் வைக்கோலுமாக வந்த அந்தத் தட்டுகள் இன்னும் எங்கள் வீட்டில் முழுசாக இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சாமான் கட்டுவதில் யாரும் புத்தி சொல்லிவிட முடியாது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வைக்கோலைத் திணித்து, அழகாகக் கட்டிக்கொடுத்தார்.

மூன்றாவது வாரம் ஆஸ்திரேலியாவிலிருந்து மெயில் வந்தது. விவசாயக் கிருமி எதுவும் நாட்டுக்குள் வரக் கூடாது என்று பார்சலைச் சோதிக்கிறவர்கள் பெட்டியைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். வைக்கோல் அங்கே ஆகவே ஆகாது. சூடு காட்டிச் சுத்தப்படுத்தலாம். இல்லாவிட்டால் மொத்தமாக அழித்துவிடலாம். சூடு காட்டினால் நாடா உருகிவிடும் என்று அவரே எழுதியிருந்தார். மூன்றாவது வழி கேட்டுப் பார்க்கிறேன் என்றும் எழுதியிருந்தார்.

அழித்துவிடலாம் என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் வீம்பால், என் வீட்டு மனுசனுக்கு இரண்டாவது தடவை கொள்ளிவைக்கப் போகிறார்கள். என் புத்தியைச் செருப்பால் அடித்தால் என்ன? சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளையாரிடம் போய் நின்றேன். வேண்டுதல் வரவில்லை, சண்டைதான் வந்தது.

அங்கிருந்து நேரே கடைத்தெருவுக்குப் போய்க் கட்டிக்கொடுத்தவரிடம், "நீங்க சொன்னீக, நான்தான் கேக்கல" என்றேன். எனக்குத் தெரிந்து நான் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. அவர் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

"பெட்டியப் பத்திரமாத்தான் கட்டியிருக்கேன். கேசட்டை மட்டும் வைக்கோல் படாம பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, வாயை ஒட்டி வச்சேன். நீங்க அந்நேரம் டீ குடிச்சுக்கிட்டு இருந்தீக. சொன்னா வைவீகன்னு சொல்லல."

நான் ஆஸ்திரேலியாக்காரருக்கு உடனே மெயில் எழுதினேன்: கேசட்டுகள் தனி டப்பாவில், மூடி ஒட்டி இருக்கின்றன, வைக்கோல் அவற்றைத் தொடவில்லை. அவர் அதை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு நேரில் போயிருக்கிறார். பெட்டியைப் பிரித்தார்கள். வைக்கோலை எரித்தார்கள். இயந்திரத்தைத் தூசி போகத் துடைத்தார்கள். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே கொடுத்துவிட்டார்கள். அந்த மெயிலைக் கடைத்தெருவில் நின்று சத்தமாகத் தமிழில் வாசித்தேன்.

பிறகு ஒரு மாதம் காத்திருந்தேன். ஒவ்வொரு நாடாவாகச் சுத்தம் செய்து, அதில் இருந்த குரலைப் போனுக்கு அனுப்பினார். "எழுத்து ரெண்டு." அவ்வளவுதான். "எழுத்து மூணு." அவ்வளவுதான். ஆனால் அது அவர் குரல். ஐயோ, இவ்வளவு மெல்லிய குரலா? நான் கட்டைக்குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! வாங்கியவரைவிட விற்றவளுக்குத்தான் கொள்ளை லாபம். இருந்தாலும் மனசு கேட்கிறதா? ஒவ்வொன்றிலும் இரண்டே வார்த்தை. இன்னும் கொஞ்சம் பேசியிருக்கக் கூடாதா என்று அவர்மேல் கோபம்கூட வந்தது.

கடைசிக் கேசட்டோடு ஒரு குறிப்பு வந்தது. "இதில் குறுக்கே ஒரு பெண் சத்தம் போடுகிறார். தொந்தரவாக இருந்தால் அதை நீக்கிவிட்டுத் தரட்டுமா?"

போனைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

"எழுத்து ஏழு."

"இட்டிலி ஆறுது. எத்தனை தடவை கூப்புடுறது? வாரீகளா, இல்லையா?"

"இந்தா வந்துட்டேன். சத்தம் போடாத, பதிவாகுது. ண வந்துருச்சுத்தா. கொசுவத்தி இல்ல, நெசமாவே ண. நீ வந்து பாரு."

அதற்குப் பிறகு கீச்சொலி. அன்றைக்கு நான் போய்ப் பார்த்தேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ஆஸ்திரேலியாக்காரருக்குப் பதில் எழுதினேன். முதலில், அந்தக் கேசட்டைப் போட்டு டிவியில் தெரிவதைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். பிறகு எழுதினேன்: "அந்தப் பெண் நான்தான். நீக்க வேண்டாம். நான் சத்தம் போட்டதால்தான் அவர் இவ்வளவு பேசியிருக்கிறார்."