வட்ட மேசையின் கடைமடை

கூட்டங்களில் வட்ட மேசை போட்டு ஆட்களைப் பேசவைப்பது என் வேலை. மேசைக்கு எட்டுப் பேர், ஒரே ஒரு கேள்வி, ஆளுக்கு ஐந்து நிமிடம், மணி அடித்தால் அடுத்தவர். இதைச் சொன்னால், "இதுக்கெல்லாமா ஒரு ஆளு?" என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான். இப்போது நாற்காலிகளைப் போட்டு முடித்ததும் எட்டாவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. யாரும் வருவதற்கு முன்பே அதில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் மஞ்சள் பையோடு.

அன்று திருவாரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம். ஒரு வாய்க்காலில் தண்ணீர் முதலில் பாயும் ஊர் தலைமடை, கடைசியில் பாயும் ஊர் கடைமடை. பாய்ந்தால். இரண்டு பக்கத்தாரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது என் யோசனை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்த மஞ்சள் பைக்காரப் பெண் போன் செய்தாள். நாகப்பட்டினம் பக்கம், கடைமடையில் குத்தகைக்கு இரண்டு ஏக்கர்.

"மேடம், தலைமடைப் பெரியவரு வராராமே. அவரு மேசையில என்னைப் போடுவீங்களா? மதகுல மணல் மூட்டை அடுக்கி வச்சிருக்காரு. ரெண்டு நாள் எடுத்துவிட்டாப் போதும், என் பயிரு பொழைச்சிடும்."

"நேராவே போய்க் கேக்கலாமே?"

"எங்க வீட்டுக்காரரும் அவரும் மதகடியில சட்டையைப் புடிச்சிக்கிட்டவங்க. இவரு போய்ச் சேந்துட்டாரு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்க வாசப்படி மிதிக்கிறது? என்னைய அவருக்கு அடையாளம் தெரியாது. நாலு பேரு இருக்கிற சபையில கேட்டா மறுக்க மாட்டாரு."

"சரி, போடுறேன். ஆனா நடுவுல பேசிடாதீங்க. உங்க முறை வரும், அப்பக் கேளுங்க" என்றேன்.

யார் முதலில் பேசுவது என்று வந்தபோது மடை வரிசைப்படி வைத்தேன். தலைமடையில் ஆரம்பித்துக் கடைமடையில் முடிப்பது. தண்ணீர் அப்படித்தானே போகிறது, பேச்சும் அப்படியே போனால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வட்ட மேசை என்பதால் முதல் ஆளான பெரியவரும் கடைசி ஆளான அவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள்.

பெரியவர் ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்தில் மணியை லேசாகத் தட்டினேன். அவர் காதில் விழவில்லை. அந்த வயதில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நிறுத்துங்கள் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் நாக்கு எழாது. நடுவில் இருமல் வந்து திணறினார். அவள் தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். பாதி பாட்டிலைக் குடித்துவிட்டு, தெம்பாக இன்னும் பத்து நிமிடம் பேசினார். அடுத்த ஆறு பேரும் அவருக்குச் சளைத்தவர்கள் இல்லை.

ஏழாவது ஆள் முடிக்கும்போது சமையல்காரர் வந்து, "இலை போட்டாச்சு, வாங்க" என்றார். அதற்குமேல் ஒரு கூட்டத்தைக் கட்டிப்போட பழைய தஞ்சை ஜில்லாவில் கடவுளாலும் முடியாது. நாற்காலிகள் இழுபட்டன. பெரியவர்தான் முதலில் எழுந்தார். அவள் பாதி எழுந்தபடி என்னைப் பார்த்தாள்.

"சாப்பிட்டு வந்து பேசலாம்" என்றேன்.

"சரிங்க மேடம்."

பாயசம் குடித்தவர்கள் யாரும் மேசைக்குத் திரும்பவில்லை. நான் அவளைத் தேடியபோது அவள் பஸ் போய்விட்டிருந்தது. அறிக்கையில், மேசையில் இருந்த அனைவரும் கருத்துத் தெரிவித்தனர் என்று எழுதினேன். வழக்கமாக எழுதுகிற வரிதான்.

அந்த வரியைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. அதற்குள் எட்டு நாள் ஆகியிருந்தது. உடனே போன் செய்தேன்.

"வயல்ல ஆட்ட மேயவிட்டாச்சு மேடம்" என்றாள். "காஞ்ச பயிர வேற என்ன பண்றது? குத்தகையையும் விட்டுட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் பெரியவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மணல் மூட்டையையும் பயிரையும் பற்றிச் சொன்னேன்.

"எந்தப் பொண்ணும்மா?"

"உங்களுக்கு எடது பக்கம் இருந்தவங்க."

அவர் டிவியை நிறுத்தினார்.

"எனக்குத் தண்ணி குடுத்துச்சே, அந்தப் பொண்ணா?"

"ஆமாங்க."

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு, "அத்தன நேரம் என் பக்கத்துலயேதான உக்காந்திருந்துச்சு?" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அங்கேருந்தே போன் போட்டு மூட்டையை எடுக்கச் சொல்லியிருப்பேனே. ஏம்மா சொல்லல?"

"அவங்க முறை வரலைங்க" என்றேன்.