சேமிக்காத ஒரு வரி

எங்கள் சட்ட உதவி அலுவலகங்களில் கணினிகளை இணைக்கிற சுவிட்ச் பெட்டிகள் மூன்று வெவ்வேறு கம்பனிக்காரருடையவை. போருக்குப் பிறகு உதவி செய்ய வந்த ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த பெட்டியைத் தந்துவிட்டுப் போனார்கள். ஒன்றுக்கு விளங்குகிற கட்டளை மற்றதுக்கு விளங்காது. சின்ன மாற்றத்துக்கும் மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று மோட்டார் சைக்கிளில் அலைந்து எனக்குச் சீ என்று போய்விட்டது. கிளிநொச்சியில் கதிரையில் இருந்தபடியே எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுகிற கட்டளைகளைக் கோத்து ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன்.

இரண்டு வகைகளில் சோதித்துப் பார்த்தேன். மூன்றாவது வகை புதுக்குடியிருப்பில் மட்டும்தான், ஒன்றே ஒன்று. அதற்காக யார் மினக்கெடுவது? கையேட்டைக்கூட முழுதாக வாசிக்கவில்லை. எல்லாப் பெட்டிகளையும் புதிய இணைப்புக்கு மாற்றி, பழையதை நிறுத்திவிட்டேன். எல்லாம் வேலை செய்தன. எனக்கிருந்த எழுப்பமும் பெருமையும் கொஞ்சநஞ்சமல்ல.

மற்ற இரண்டும் மாற்றத்தைத் தாமாகவே சேமித்துக்கொள்ளும். மூன்றாவதுக்குச் சேமிக்கச் சொல்லித் தனியாக ஒரு வரி அனுப்பவேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் பழைய இணைப்புக்கே திரும்பிவிடும். அந்த வரி என் ஸ்கிரிப்டில் இல்லை.

இரண்டு கிழமை கழித்து, ஒரு காலை அங்கே கரண்ட் போய் வந்தது. என் திரையில் புதுக்குடியிருப்பு சிவப்பாகிவிட்டது. அங்கிருந்த கிளார்க்குக்கு போன் எடுத்தேன்.

"ஐயோ, ஒரு அம்மா பத்து மணிக்கு மகனோட வீடியோவில கதைக்க வந்து இருக்கிறா. மகன் கொழும்புப் பக்கம் மறியலில, சிறையில இருக்கிறான். மாசத்துக்கு ஒருக்கா, பத்து நிமிசம்தான். கெதியாப் பாருங்கோ!"

அப்போது ஒன்பதே முக்கால். நேரில் போகாமல் அந்தப் பெட்டியைத் தொடமுடியாது. வழியெல்லாம் என்னை நானே தூஷணத்தால் திட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஓடினேன். போய்ச் சேரப் பதினொன்று. பெட்டியைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கிளார்க் மறியலுக்கு போன் எடுத்துக் கேட்டார். இனி அடுத்த மாதம்தானாம்.

அந்த அம்மா வெறுந்திரைக்கு முன்னால் அப்படியே இருந்தார். மகன் பார்க்கப்போகிறான் என்று நல்ல சீலை உடுத்தியிருந்தார்.

"பிள்ளை, அங்கால அவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? அம்மா வரேல்லை எண்டு நினைச்சிருப்பானோ?"

"இல்லையம்மா. கரண்ட் போயிட்டுதெண்டு அவருக்குச் சொல்லியிருப்பினம்."

யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

"அப்ப சரி," என்று எழும்பினார். "கரண்டுக்கு நாங்கள் என்ன செய்யிறது? நீங்கள் பாவம், இந்த வெயிலுக்குள்ளால எனக்காக ஓடி வந்திருக்கிறியள்."

ஓம் என்று தலையாட்டினேன்.