அவளுடைய மஞ்சள் ஊசிகள்

பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எனக்கும் அவளுக்கும் ஒரே மேசை. நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து படிக்க வந்தவள்; அவள் யாழ்ப்பாணத்துக்காரி. இருவருக்கும் ஒரே மாதிரி வேலை. அல்டிகைட்டையும் அனிலீனையும் எதனோலில் சேர்த்துச் சூடாக்கி இமைன் என்ற சேர்வையைத் தயாரிக்க வேண்டும். அதைக் கரைசலிலிருந்து படிகமாக, பளிங்காக வளர்க்க வேண்டும். நல்ல பளிங்கு கிடைத்தால் இந்தியாவுக்கு அனுப்புவார்கள். அங்கே எக்ஸ்கதிர் பாய்ச்சி, எந்த அணு எங்கே இருக்கிறது என்று படமாகத் தருவார்கள்.

என் குப்பியில் எப்போதும் பிசின்தான். மழை மாதங்களில் ஈரம் பட்டு இமைன் உடைந்துவிடும். மூடியைத் திறந்தால் பழைய அல்டிகைட்டின் பாதாம் வாசம் அடிக்கும். அவளுடைய குப்பியிலோ நாலாம் நாளே ஊசி ஊசியாக மஞ்சள். பேராசிரியர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கைராசிக்காரி" என்றார். என் குப்பியைத் தொடவே இல்லை.

அன்றிலிருந்து அவள் குப்பி கழுவும் சத்தம்கூட எனக்குப் பிடிக்காமல் போனது.

ஒரு சனிக்கிழமை அவள் சாப்பிடப் போயிருந்தாள். நான் அவள் குப்பியை எடுத்து ஆட்டினேன். ஒரு தடவை அல்ல. ஊசிகள் நொறுங்கி மாவாக அடியில் படிந்தன.

திரும்பி வந்தவள், "ஐயோ, ஆரோ மேசையை இடிச்சுப் போட்டினம் போல" என்றாள். என்மேல் துளி சந்தேகமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் ஆட்டுனேன்."

"ஏன் அப்பிடிச் செய்தனீர்?"

"ஒங்களுக்கு மட்டும் வருது. அதான்."

அவள் திட்டவில்லை. மூன்று வாரம் பேசவில்லை, அவ்வளவுதான். நொறுங்கியதை மறுபடி கரைத்து, குப்பி வாயில் தாளைக் கட்டித் துளையிட்டு, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். நான் பார்க்கத்தான் கோத்தாள்.

இம்முறை வந்த பளிங்குகள் இன்னும் தடிப்பாக இருந்தன. இந்தியாவிலிருந்து படம் வந்த அன்று அவளாகவே கூப்பிட்டாள். "வாரும், வந்து பாரும்."

இரண்டு பென்சீன் வளையங்கள். நடுவே நைதரசன். ஒரு வளையம் மற்றதன் தளத்திலிருந்து சற்றுத் திரும்பி நின்றது. மற்ற வளையத்தின் ஓர் ஐதரசன் நைதரசனை நோக்கிச் சாய்ந்திருந்தது.

"வடிவா இருக்கு, என்ன?"

"ம்" என்றேன். உண்மையைச் சொல்லிவிட்டால் பொறாமை தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை.

எனக்குக் கடைசிவரை பளிங்கு வரவில்லை. நிறமாலை வரைபடங்களை மட்டும் வைத்து ஆய்வேட்டை எழுதி முடித்தேன். அதைத் தட்டச்சில் பிழை பார்த்துத் தந்தவள் அவள்தான். அதற்கு நன்றி சொல்லவும் எனக்கு இரண்டு நாள் ஆனது.